ஒரு பியர் உடம்பில் எத்தனை மணித்தியாலம் நிற்கும்?

கேள்வி: "நான் கிளிநொச்சியில ஓ.எல். படிக்கிறன். மட்ச் முடிஞ்ச பின்னேரங்களில கூட்டாளிமார் குளக்கட்டில இருந்து பியர் குடிக்கினம். ‘ஒரு போத்தல்தானே, ஒண்டும் செய்யாது’ எண்டு என்னையும் கூப்பிடுகினம். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி எண்டு பெரியாக்களே சொல்லினம். உண்மையில உடம்புக்குள்ள என்ன நடக்குது? ஆராவது மயங்கி விழுந்தா என்ன செய்யிறது?"

தம்பி, "ஒரு போத்தல்தானே" என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். பிழை அங்கேதான் இருக்கிறது. போத்தல் ஓர் அளவே அல்ல. உள்ளே எத்தனை கிராம் மதுசாரம், குடிப்பவரின் நிறை எத்தனை கிலோ, எவ்வளவு நேரத்தில் குடித்தார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அளவு தெரியும்.

பியர், கள்ளு, சாராயம், கசிப்பு எல்லாவற்றிலும் வெறியைத் தருவது எதனோல் என்ற ஒரே பொருள்தான். லேபிளில் போட்டிருப்பது கனவளவுச் சதவீதம். ஒரு மில்லிலீற்றர் எதனோல் 0.79 கிராம் நிறை உடையது. இதை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கலாம். 625 மில்லிலீற்றர் பெரிய போத்தலில் 8.8 சதவீத ஸ்ரோங் பியர் இருந்தால், உள்ளே 55 மில்லிலீற்றர் எதனோல், அதாவது 43 கிராம். அதே போத்தலில் 4.8 சதவீத பியர் என்றால் 24 கிராம். 33.5 சதவீதச் சாராயம் கால் போத்தல், 180 மில்லிலீற்றர், எடுத்தால் 48 கிராம். ஒரு ஸ்ரோங் பியரும் ஒரு கால் போத்தல் சாராயமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைப் பாருங்கள். பதினாறு வயதுப் பிள்ளையிடம் கால் போத்தல் சாராயத்தை நீட்டி "இதுதானே" என்று சொல்ல எவரும் யோசிப்பார்கள். பியர் என்றால் யோசிப்பதில்லை.

இனி அந்த 43 கிராமும் 45 கிலோ நிறையுள்ள ஒரு பெடியனின் உடம்பில் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். மட்ச் முடிந்து வெறும் வயிற்றோடு, வியர்த்துக் களைத்துப்போய், பின்னேரம் ஆறரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் குடித்து முடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

சோறு போல மதுசாரம் சமிக்கத் தேவையில்லை. ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலேயே உறிஞ்சப்படும், மிச்சம் சிறுகுடலில். சில நிமிடங்களிலேயே மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் குருதியில் அதன் அளவு உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை செல்லும். இந்த இடைவெளியை மனதில் வைத்திருங்கள், பின்னால் உயிர் காப்பதைப் பற்றிச் சொல்லும்போது திரும்பவும் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஏறுவது மெதுவாகும், உச்சமும் குறையும். அதற்காக உள்ளே போன கிராம் காணாமல் போய்விடாது.

மதுசாரம் உடம்பின் நீருள்ள பகுதிகளில்தான் பரவும். 45 கிலோ பெடியனுக்கு அது ஏறத்தாழ 30 கிலோ. 43 கிராமை 30 கிலோவுக்குள் கரைத்தால், 100 மில்லிலீற்றர் குருதியில் 140 மில்லிகிராம் அளவுக்கு வரும். குடிக்கும் நேரத்திலேயே ஈரல் அகற்றியதைக் கழித்தாலும் 120க்கு மேலே நிற்கும். இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 80. எழுபது கிலோ ஆள் அதே போத்தலைக் குடித்தால் 90 அளவில்தான் வரும். அண்ணன்மார் குடித்துவிட்டு நேராக நடப்பதைப் பார்த்துத் தம்பிமார் கணக்குப் போடுவது இதனால்தான் பிழைக்கிறது. பெண்பிள்ளைகளின் உடம்பில் நீரின் பங்கு இன்னும் குறைவு. அதே நிறையிலும் அதே போத்தல் அவர்களுக்குக் கூடுதலாக ஏறும்.

மூளையில் நடப்பது இதுதான். நரம்புக்கலங்களை அடக்கும் காபா என்ற பொருளின் வேலையை மதுசாரம் கூட்டுகிறது, தூண்டிவிடும் குளுட்டமேற்றின் வேலையைக் குறைக்கிறது. கூடவே டோபமின் சுரந்து ஒரு சந்தோசம் வரும். முதலில் அடங்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, "வேண்டாம், நில்" என்று சொல்லும் பகுதி. அதனால்தான் கூச்சம் போய்த் துணிச்சல் வந்தது போல இருக்கும். அடுத்தது உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் மூளி என்று படித்திருப்பீர்களே, சமநிலையைப் பார்ப்பது. நடை தள்ளாடும், நாக்குக் குளறும். 150 தாண்டினால் சத்தி, 300 அளவில் நினைவிழப்பு. 400ஐ நெருங்கும்போது சுவாசத்தை நடத்தும் நீள்வளைய மையவிழையமே அடங்கிப்போகும். நமது 45 கிலோ பெடியன் இரண்டு ஸ்ரோங் பியரை மடமடவென்று குடித்தால் 280ஐ நெருங்குவான். கணக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

குளக்கட்டில் குடிப்பதில் இன்னொரு தனி ஆபத்து உண்டு. உட்காதில் சமநிலையை உணரும் உறுப்புக்குள்ளும் மதுசாரம் புகுந்து அதன் அடர்த்தியை மாற்றுகிறது. படுத்தால் உலகம் சுற்றுவது அதனால்தான். அதே ஆள் இருட்டில் இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வாய்க்காலிலோ இறங்கினால், தண்ணீருக்குள் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் தாழுவது இப்படித்தான். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை. வளைவில்லாத நேர்வீதியில் வேகம் எவ்வளவு என்று மூளைக்கே தெரிவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி மிக முக்கியமான இடம், ஈரல். உள்ளே போனதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஈரல்தான் உடைக்க வேண்டும். முதலில் ஒரு நொதியம் எதனோலை அசற்றல்டிகைட்டாக மாற்றும். இது நஞ்சு, முகம் சிவத்தல், வயிற்றுப் பிரட்டு, தலையிடி ஆகியவற்றில் இதற்கும் பங்கு உண்டு, புற்றுநோயை உண்டாக்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது நொதியம் அதை அசற்றேற்றாக்கும், அது பிறகு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் போய்விடும். இந்த வேலைக்கு ஒரே வேகம்தான். 100 மில்லிலீற்றர் குருதியிலிருந்து மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம். 130, 140 இறங்கி முடிய எட்டொன்பது மணித்தியாலம் செல்லும். ஏழு மணிக்குக் குடித்து முடித்த பெடியனுக்கு விடிய நாலு மணிக்குத்தான் குருதி தெளியும்.

தேசிக்காய்ப் புளி, மோர், கறுப்புக் கோப்பி, கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்தல், எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. கோப்பியும் எனர்ஜி ட்ரிங்கும் நித்திரையை மட்டும் விரட்டும். வெறி அப்படியே இருக்கும், ஆனால் "நான் தெளிவு" என்று எண்ண வைத்துவிடும். வாய்க்குள் விரலை விட்டுச் சத்தி எடுக்க வைப்பதும் உப்புத்தண்ணீர் பருக்குவதும் நேரடியாக ஆபத்து. மயங்கிக்கொண்டிருப்பவரின் தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளாது, சத்தி சுவாசப்பைக்குள் போய்விடும்.

ஈரல் இந்த வேலையில் இருக்கும்போது இன்னொரு வேலையை விட்டுவிடுகிறது. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் புதிதாகக் குளுக்கோசு செய்து குருதிக்குக் கொடுப்பது ஈரல். மட்ச் விளையாடி, சேமித்த கிளைக்கோசனையும் கரைத்துவிட்டு வந்த மெலிந்த பிள்ளைக்கு, குடித்துச் சில மணித்தியாலங்களில் சீனி மிகவும் இறங்கி வலிப்புக்கூட வரலாம். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஓமோனையும் மதுசாரம் தடுக்கிறது. அதனால் வழமையைவிடக் கூடுதலாகச் சிறுநீர் போகும். வன்னி வெயிலில் ஏற்கெனவே வியர்த்துக் காய்ந்த உடம்புக்கு இது இரட்டை அடி.

மருந்துகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தடிமனுக்குப் போடும் பிரிட்டன் குளிசையும் மதுசாரமும் சேர்ந்தால் நித்திரை மயக்கம் பல மடங்காகும். வலிப்புக்கும் சலரோகத்துக்கும் மருந்தெடுப்பவர்களுக்குக் கொஞ்சம் குடித்தாலும் பெரிய சிக்கல். தொடர்ந்து குடிக்கும் ஆள் தலையிடிக்குப் பனடோலை அள்ளிப் போட்டால் ஈரலுக்குத்தான் கேடு.

வயது ஏன் முக்கியம் என்றால், மூளை முழுமையாக முதிர ஏறத்தாழ 25 வயது ஆகிறது. கடைசியாக முதிர்வது அந்த "நில்" என்று சொல்லும் முன்பகுதிதான். இளவயது மூளைக்குத் தள்ளாட்டமும் நித்திரையும் பெரியவர்களைப் போலச் சீக்கிரம் வராது என்றும், நினைவைப் பதிக்கும் பகுதி மட்டும் சீக்கிரம் அடிபடும் என்றும் விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. அதாவது, நிறுத்தச் சொல்லும் மணி பிந்தி அடிக்கிறது, சேதம் முந்தி வருகிறது. "நேற்று நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை" என்று சிரித்துச் சொல்கிறார்களே, அது மறதி அல்ல. அந்த நேரத்தில் மூளை எதையுமே பதியவில்லை. அன்றைக்குப் பகலில் படித்ததும் அடிபடும். படித்தது மூளையில் ஊறுவது நித்திரையில்தான், மதுசாரம் கனவு வரும் நித்திரையைக் குலைக்கிறது. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நால்வர் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். இருபது வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது பத்துக்கு ஒருவர். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்வது வெறும் கண்டிப்புக்காக அல்ல.

பல வருடம் குடித்தால் ஈரலில் கொழுப்புப் படியும், பிறகு அழற்சி, பிறகு ஈரல் தழும்பாகிக் கல்லுப்போல் இறுகும். முதற்கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், கடைசிக் கட்டம் திரும்பாது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பு ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும். மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் பிரிவில் 1988இலேயே சேர்த்துவிட்டார்கள்.

கள்ளுக்கு வருவோம். பெரியாக்கள் பொய் சொல்லவில்லை, இரண்டு வேறு பொருள்களை ஒன்றாக்கிச் சொல்கிறார்கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது கருப்பநீர். சுண்ணாம்பு மதுவத்தை வளரவிடாது, அதனால் இனிப்பு இனிப்பாகவே இருக்கும், பனங்கட்டி காய்ச்சுவது அதில்தான். சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் மரத்தில் முட்டி தொங்கும்போதே நொதித்தல் தொடங்கிவிடும். விடியற்காலையில் இறக்கிய உடன் கள்ளு இனிப்பும் மென்மையுமாக இருக்கும், பின்னேரம் புளித்து வேகம் கூடியிருக்கும். ஒரே மரம், ஒரே முட்டி, நேரம்தான் வேறு. ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு 750 மில்லிலீற்றர் போத்தலில் 30 கிராம் எதனோல். சாதாரணப் பெரிய பியரைவிடக் கூட. அதில் கொஞ்சம் விற்றமினும் தாதுப்பொருளும் இருப்பது உண்மை, ஆனால் குளிர்ச்சி என்பது தோலின் குருதிக்கலன்கள் விரிந்து உடம்புச் சூடு வெளியேறுவதுதான். மார்கழி மழை இரவில் நனைந்தபடி கிடப்பவருக்கு அதே குளிர்ச்சி உயிராபத்து. உடம்புக்கு நல்லது வேண்டுமென்றால் கருப்பநீரும் நுங்கும் இருக்கின்றன.

கசிப்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். காட்டுக்குள் ஊத்தைப் பீப்பாய்களில் காய்ச்சுவதற்கு லேபிளும் இல்லை, சதவீதமும் இல்லை. நேற்றைய போத்தலைவிட இன்றைய போத்தல் இரண்டு மடங்கு வேகமாக இருந்தாலும் குடிப்பவருக்குத் தெரியாது. அதைவிடக் கொடியது மெதனோல். கைத்தொழிலுக்குப் பாவிக்கும் ஸ்பிரிற்றைக் கலந்தால் அது வரும். மணமும் ருசியும் எதனோலைப் போலவே இருக்கும். ஈரலின் அதே நொதியம் அதைப் போமல்டிகைட்டாகவும் பிறகு போமிக் அமிலமாகவும் மாற்றும், அந்த அமிலம் பார்வை நரம்பைத் தின்றுவிடும். பத்து மில்லிலீற்றர் மெதனோலே கண்ணைப் பறிக்கப் போதும், முப்பது உயிரைப் பறிக்கலாம். குடித்தவர் எழும்பி நடமாடி, "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் நினைத்த பிறகு, 12 முதல் 24 மணித்தியாலத்தில் கண்ணுக்கு முன்னால் வெண்புகார் போல் தெரியும், வயிற்றுநோவும் வேகமான மூச்சும் வரும். உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து உண்டு, குருதி சுத்திகரிப்பும் செய்யலாம், ஆனால் மணித்தியாலக் கணக்கில் பிந்தினாலே கண் போய்விடும். அவரோடு அதே போத்தலில் குடித்த மற்றவர்களும், நோய் தெரியாவிட்டாலும், கூடவே போக வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஒருவர் விழுந்துவிட்டார்.

"நித்திரை கொள்ளட்டும், விடிஞ்சாத் தெளியும்" என்று விட்டுவிட்டுப் போவதுதான் ஆட்களைக் கொல்கிறது. கடைசி மிடறு குடித்த பிறகும் ஒன்றரை மணித்தியாலம் வரைக்கும் குருதியில் ஏறிக்கொண்டே இருக்கும் என்று முன்பு சொன்னேன். நீங்கள் விட்டுப் போகும்போது குறட்டை விட்டவர் அரை மணியில் மூச்சை விடலாம்.

பெயர் சொல்லி உரத்துக் கூப்பிடுங்கள், தோளில் அழுத்திக் கிள்ளுங்கள். கண் திறக்கவில்லை, முனகல்கூட இல்லை என்றால் அது நித்திரை அல்ல. நெஞ்சு எத்தனை தரம் எழும்புகிறது என்று போனில் நேரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு இடையில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, அல்லது நகமும் உதட்டின் உட்புறமும் நீலம் பாய்ந்திருத்தல், தோல் குளிர்ந்து ஈரமாக இருத்தல், வலிப்பு, மயக்கத்திலேயே சத்தி. இதில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அடியுங்கள். அது இலவச அம்புலன்ஸ். எந்தக் குளக்கட்டு, எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும் என்று சொல்லுங்கள், வீதிக்கு ஒருவரை அனுப்பி லைட் அடிக்கச் சொல்லுங்கள்.

வரும்வரை அவரைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். அவருக்கருகில் முழந்தாளிட்டு, உங்கள் பக்கம் இருக்கும் அவரின் கையை உடம்புக்குச் செங்குத்தாக நீட்டி வையுங்கள். மறுபக்கக் கையை நெஞ்சுக்குக் குறுக்காகக் கொண்டுவந்து, புறங்கை உங்கள் பக்கத்துக் கன்னத்தில் படும்படி பிடியுங்கள். மறுபக்க முழங்காலை மடக்கி, அந்த முழங்காலைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானாக உருளும். தலையைப் பின்னால் கொஞ்சம் சரித்து, வாய் நிலத்தைப் பார்க்க வையுங்கள். சத்தி வந்தால் வெளியே வழியும். மூச்சு நின்றுவிட்டால் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்துங்கள். ஆள் வரும்வரை நிறுத்தக் கூடாது.

மயங்கியவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக் கொண்டுபோவதை நம் பக்கத்தில் நிறையச் செய்கிறார்கள். செய்யாதீர்கள். தலை முன்னால் தொங்கும், மூச்சுக்குழாய் மடங்கும், பின்னால் இருப்பவருக்கு அது தெரியவும் மாட்டாது. அம்புலன்ஸ் பிந்துமென்றால் ஓட்டோவின் பின் சீற்றில் பக்கவாட்டில் கிடத்தி, ஒருவர் கூடவே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

வெறும் நிலத்தில் கிடந்தவர் என்றால் பாம்பையும் நினையுங்கள். கண்டங்கருவளை இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத் தீண்டும், கடி நோகாது, பல் பட்ட அடையாளமும் தெரியாமல் போகலாம். கண்மடல் தொங்கும், பேச்சுக் குளறும், பிறகு மூச்சு அடங்கும். பார்ப்பவர்களுக்கு வெறி மாதிரியே இருக்கும். நேரம் போகப் போக வெறி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால் வைத்தியசாலை.

அங்கே போனதும் என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வேறு குளிசை போட்டாரா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் அடி விழும் என்ற பயத்தில் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால், வைத்தியர் வேறு பாதையில் தேடுவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன், வன்னியில் பல வீடுகளுக்குத் தேவையானது. 2009இல் இழக்கக்கூடாததை எல்லாம் இழந்தவர்கள் நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கி, விடமுடியாமல் இருக்கிறார்கள். நாளும் குடித்தால் மூளை தன் பிரேக்கைத் தளர்த்தி, தூண்டும் பக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். "எனக்கு இப்ப ஏறுறதே இல்லை" என்பது உடம்பின் பலம் அல்ல, இந்த மாற்றம்தான். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் அடங்கியிருந்த தூண்டுதல் முழுவதும் கிளம்பும். ஆறேழு மணித்தியாலத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதும் வரலாம். இது உயிரைப் பறிக்கக்கூடியது. அப்பாவோ மாமாவோ "இண்டையோட விட்டிட்டன்" என்று சொன்னால், அந்த நல்ல முடிவை வீட்டுக்குள் வைத்துச் சோதிக்காமல், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று கிட்டவுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். நடுக்கத்தை அடக்க மருந்தும், விற்றமின் பி1உம் கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். போகும்போது அவர் கடைசியாகக் குடித்த நாளையும் மணியையும் ஒரு கடுதாசியில் குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.